போர்டு மாறிய நாளில் கேட்ட குரல்

சென்ற மாதம் ஒரு பகலில் சங்கர் போன் செய்தான். விருத்தாசலத்தில் நான் வேலை பார்த்த கம்ப்யூட்டர் சர்வீஸ் கம்பெனியில் இப்போது என் நாற்காலியில் இருப்பவன் அவன்.

“அண்ணே, ஒரு கிளினிக்ல மதர்போர்டு மாத்தினேன். இப்ப ஓ.எஸ். லைசென்ஸ் இல்லன்னு காட்டுது.”

“பழைய போர்டு செத்துதான மாத்தின?”

“ஆமாண்ணே, கருகிப்போச்சு.”

“அப்ப ஆக்டிவேஷன் நம்பருக்குப் போன் போடு. கடைசியில ஒரு ஆளு வருவாங்க. விஷயத்தச் சொல்லு.”

“போட்டேண்ணே. ஒரு வெப்சைட் பேரச் சொல்லிட்டு கட்டாயிடுச்சு. ஆளெல்லாம் இப்ப கெடையாது போலருக்குது.”

டாக்டரின் இணையக் கணக்கு வழியாகவே அவன் அதைச் சரிசெய்துவிட்டான். ஒரு டீ ஆறுவதற்குள் முடிந்ததாம். நல்லது. எனக்குத்தான் உட்கார முடியவில்லை. அறைக்கும் மொட்டைமாடிக்கும் நடந்துகொண்டே இருந்தேன். அந்த எண்ணின் மறுமுனையில் ஒருமுறை நான் கேட்ட ஒரு குரலைப் பற்றி சங்கரிடம் சொல்லத் தொடங்கி, அவன் அவசரத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். இங்கே எழுதிவிடுகிறேன்.

கழுத்தெலும்பு தேய்ந்து, குனிய முடியாமல் போய், ஐம்பதைத் தாண்டிய சூட்டோடு வேலையை விட்டவன் நான். படிப்பு எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ. அதற்குப் பின் டி.வி. ரிப்பேர், கம்ப்யூட்டர் சென்டரில் எடுபிடி, கடலூரில் கொஞ்சம், பாண்டிச்சேரியில் கொஞ்சம். இதெல்லாம் ஒரு பஸ் பயணம் போலக் கடந்துவிட்டது. ஊருக்குத் திரும்பி, சர்வீஸ் வேலையில் சேர்ந்து, முதல் பீங்கான் கம்பெனியில் ஒரு சி.பி.யூ. பெட்டியைத் திறந்த நாளிலிருந்துதான் எனக்கு ஞாபகம் சரியாகத் தொடங்குகிறது.

உள்ளே எல்லாம் வெள்ளை. விசிறி வெள்ளை, ஒயர்கள் வெள்ளை, போர்டின் மேல் நிற்கும் சின்னஞ்சிறு உருளைகள் வெள்ளைத் தொப்பி போட்ட கூட்டம். எங்கள் ஊரில் மண் காற்றில் நடக்கும். டைல்ஸுக்கும் பொம்மைக்கும் மின்கம்பத்து இன்சுலேட்டருக்கும் அரைக்கிற மண், சலிக்கச் சலிக்க மெல்லியதாகி, பூட்டிய அறைக்குள்ளும் வந்து உட்காரும். தொட்டால் விரலில் பட்டுபோல் ஒட்டும். இவ்வளவு மென்மையான ஒன்று இவ்வளவு மெதுவாக ஓர் எந்திரத்தை மூச்சுத்திணற வைக்கிறதே என்று, கையில் பிரஷ்ஷோடு வாய் பிளந்து நின்றேன்.

இரண்டாவது வியப்பு ஓ.எஸ். பற்றியது. கம்ப்யூட்டரை எழுப்பி நிறுத்தி, மற்ற எல்லா மென்பொருளுக்கும் தரையாக விரிந்துகிடக்கிற மென்பொருள் அது. விலை கொடுத்து வாங்கினால் ஓர் எழுத்துச்சாவி தருவார்கள். அந்தச் சாவியை ஒரு பெட்டியில் போட்டதும் ஓ.எஸ். அந்தப் பெட்டியின் உறுப்புகளைத் தடவிப்பார்த்து, அவற்றின் அடையாளங்களைச் சேர்த்துத் தனக்குள் ஒரு முகம் வரைந்துகொள்ளும். பிறகு நான் மெமரியை மாற்றுவேன். அது ஒன்றும் சொல்லாது. டி.வி.டி. டிரைவைக் கழற்றுவேன். பேசாமல் இருக்கும். போர்டை மாற்றினேனோ, தீர்ந்தது. பழைய ஃபைல்கள், பழைய வால்பேப்பர், முதலாளி பேரனின் பழைய போட்டோ எல்லாம் அப்படியே இருக்கும். ஆனால் ஓ.எஸ். என்னைப் பார்த்து, நான் வேறு வீட்டுக்கு வந்துவிட்டேன், இது யார் வீடு என்று கேட்கும்.

எத்தனை உறுப்பு மாறும்வரை ஒன்று அதுவாகவே இருக்கிறது? ஸ்க்ரூடிரைவரைப் பிடித்துக்கொண்டு நான் பல தடவை இந்தக் கேள்விக்குள் போய்விடுவேன். வெளியே இழுப்பது பர்வீன் மேடம்.

“வேலண்ணே, மொகத்துல கவிதை தெரியுது. மொதல்ல அந்த ஸ்க்ரூவ எடுங்க.”

பர்வீன் எங்கள் சர்வீஸ் இன்சார்ஜ். என்னைவிட வயதில் சின்னவர், வேலையில் எனக்கு மேலே. நான் மேடம் என்பேன், அவர் அண்ணே என்பார், இரண்டு மரியாதையும் முட்டாமல் ஓடியது. மங்கலம்பேட்டையிலிருந்து பஸ்ஸில் வருவார். கணவர் குவைத்தில் இருந்தார். தோள்பையில் ஒரு டார்ச், ஒரு பழைய டூத் பிரஷ், சுருட்டிய பருத்தித் துணி. பெட்டியைத் தொடுமுன் ஜன்னல் கம்பியைத் தொடுவார், உடம்பில் நிற்கும் மின்சாரம் இறங்கட்டும் என்று. அதற்கும் முன்னால் ஒரு கேள்வி கேட்பார். எந்தக் கம்பெனியானாலும் அதே கேள்விதான்.

“இந்த மிசின் நின்னா இங்க யாருக்கு வேல நிக்கும்?”

யாரையாவது காட்டுவார்கள். அந்த ஆளைத் தன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்துக்கொண்ட பிறகுதான் மூடியைக் கழற்றுவார். பெட்டிக்குச் சொந்தக்காரன் முதலாளி, அதைத் தெரிந்தவர் அதன் முன்னால் உட்காருகிறவர் என்பது அவர் கணக்கு.

ஓ.எஸ். கம்பெனிக்குப் போன் போட்டுச் சாவியை ஏற்கவைக்கும் ஆக்டிவேஷனுக்கும் அவரிடம் ஒரு முறை இருந்தது. திரையில் ஒரு நீண்ட எண் வரும், கொத்துக் கொத்தாக. ஒருவர் படிக்க வேண்டும், இன்னொருவர் திரையில் விரல் வைத்துத் தொடர வேண்டும். மறுமுனையில் பதிவுசெய்த குரல்தான் என்றாலும் எடுத்தவுடன் வணக்கம் சொல்வார்.

“மேடம், அது டேப்பு” என்பேன்.

“இருக்கட்டுமே. டேப்புக்குப் பின்னாடி யாராவது உக்காந்திருப்பாங்க இல்ல.”

எங்கள் கம்பெனியில் எல்லோரும் இதைச் சொல்லிச் சிரிப்போம். நானும் சிரித்தேன், கலைச்செல்வியின் விவகாரம் வரும்வரை.

கருவேப்பிலங்குறிச்சி ரோட்டில் ஓர் இன்சுலேட்டர் கம்பெனி. மின்கம்பத்தில் ஒயரைத் தாங்கி நிற்கும் பழுப்புப் பீங்கான் குடைகள் அங்கே சூளையில் வெந்து வெளியே வரும். முதலாளி ராமலிங்கம். சத்தமாகப் பேசுவார், சீக்கிரம் முடிவெடுப்பார். டெஸ்டிங் லேப் கலைச்செல்வியின் பொறுப்பு. வேப்பூர்ப் பெண், செராமிக் டிப்ளமோ முடித்து வந்த நாள் முதல் அங்கேதான். ஒவ்வொரு தொகுதியிலும் சிலதை எடுத்து, உயர் மின்னழுத்தம் கொடுத்து, தாங்குகிறதா வெடிக்கிறதா என்று பார்த்து, முடிவைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவாள். அந்தப் பெட்டியின் போர்டு செத்துப்போனது.

பழைய மாடல். ஊரில் எங்கும் அந்தப் போர்டு இல்லை. பாண்டிச்சேரியில் ஒரு கடைக்காரர், பெட்டியைக் கொண்டுவந்தால் பொருத்திப் பார்த்துத் தருகிறேன் என்றார். முதலாளி கலைச்செல்வியை அனுப்பினார். சி.பி.யூ. பெட்டியைத் துணியில் கட்டித் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போய், புதுப் போர்டோடு திரும்பினாள். மறுநாள் காலையில் எந்திரம் எழுந்தது. எழுந்த திரை கறுப்பாக இருந்தது. மூலையில் ஒரு வரி, ஆங்கிலத்தில்: இந்த நகல் உண்மையானதல்ல.

என்னைக் கூப்பிட்டார்கள். அன்று பிற்பகல் பெங்களூரிலிருந்து ஒரு பெரிய வாடிக்கையாளரின் ஆட்கள் லேபைச் சோதிக்க வருவதாக இருந்தது. நான் அவசரப்படவில்லை. போர்டு மாறினால் இது வழக்கம். பெட்டியின் பக்கவாட்டு மூடியில் லைசென்ஸ் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. அதிலிருந்த சாவியை அடித்து, இணையம் வழியாக ஆக்டிவேட் கொடுத்தேன்.

திரை சொன்ன பதிலை எனக்குப் பின்னால் நின்ற முதலாளியும் படித்துவிட்டார். இந்தச் சாவி ஏற்கெனவே வேறொரு கம்ப்யூட்டரில் பயன்பாட்டில் உள்ளது.

“வேற கம்ப்யூட்டர்லயா? எங்க ஓடுது?” என்றார்.

 அவர் கலைச்செல்வி பக்கம் திரும்பினார்.

“பெட்டிய எடுத்துட்டுப் போனது நீ. உள்ள இருந்தது எங்க போச்சு?”

“மொதலாளி, போர்டு மட்டும்தாங்க மாத்தினாங்க. நான் பக்கத்துலயே நின்னு...”

“ஒரிஜினல உருவிட்டு டூப்ளிகேட்ட ஏத்தி அனுப்பியிருக்கான். அது உனக்குத் தெரியாமலா நடந்துது? உண்மை இல்லன்னு அதுவே சொல்லுது பாரு!”

பேக்கிங் பகுதியில் வைக்கோல் திணித்துக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்தினார்கள். கலைச்செல்வி திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ஓர் எந்திரமே ஒருத்தியைப் பொய்க்காரி என்று சொன்னால் எதிர்த்து வாதாட யார் இருக்கிறார்கள்?

“அவங்க வர்றதுக்குள்ள இது சரியாவணும். ஆவலன்னா நாளையிலேருந்து நீ வர வேணாம்” என்றார் முதலாளி. சொல்லிவிட்டுப் போகாமல், ஒரு ஸ்டூலை இழுத்து வாசல்பக்கம் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

நான் பர்வீன் மேடத்துக்குப் போன் செய்தேன். ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார். வந்ததும் ஜன்னல் கம்பியைத் தொட்டார்.

“இது நின்னா யாருக்கு வேல நிக்கும்?”

“எனக்குத்தாங்க” என்றாள் கலைச்செல்வி. “இப்ப மொத்தமாவே நிக்கப்போவுது.”

“இப்பிடி வந்து உக்காரு. அழுதியா? ரைட்டு, மொகத்தத் தொடச்சிக்க. வேலண்ணே, அந்தக் கடைக்காரருக்குப் போன் போட்டீங்களா?”

“போட்டேன் மேடம். போர்டத் தவிர எதையும் தொடலன்னு சத்தியம் பண்றாரு.”

“இங்க வேற மிசின் எத்தன இருக்குது?”

பேக்கிங், ஸ்டோர்ஸ், ஆபீஸ், வாசலில் எடைமேடை என்று ஐந்தாறு இருந்தன. எல்லாம் ஒரே நாளில் ஒரே கடையில் அசெம்பிள் செய்து வாங்கியவை. ஒரே நிறம், ஒரே உயரம்.

மேடம் பேக்கிங் மிசினுக்குப் போய் ஒரு கட்டளையை அடித்தார். ஓடிக்கொண்டிருக்கும் ஓ.எஸ்.ஸிடம் உன் சாவியைச் சொல் என்று கேட்டால் முழுதாகச் சொல்லாது. கடைசி ஐந்து எழுத்தை மட்டும் காட்டும். காட்டியது.

“வேலண்ணே, கீழ படுத்து இதோட மூடியில இருக்குற ஸ்டிக்கரப் படிங்க. கடைசி அஞ்சு.”

படித்தேன்.

“இன்னொரு தடவ படிங்க.”

படித்தேன். பொருந்தவில்லை. திரையில் இருந்தது ஒன்று, மூடியில் இருந்தது வேறு.  ஸ்டோர்ஸுக்குப் போனோம். அங்கேயும் திரையும் மூடியும் பொருந்தவில்லை. ஆனால் லேப் மிசினின் மூடியில் இருந்த ஐந்து எழுத்து ஸ்டோர்ஸ் திரையில் தெரிந்தது.

தரையில் கிடந்தபடியே எனக்குப் புரிந்தது. எல்லா எந்திரங்களும் அடுத்தவர் சட்டையைப் போட்டுக்கொண்டு, ஒன்றும் தெரியாதவைபோல் ஓடிக்கொண்டிருந்தன.

“மூடியெல்லாம் எப்ப கழட்டினீங்க?” என்று மேடம் பொதுவாகக் கேட்டார்.

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு பேக்கிங்கிலிருந்து அஞ்சலை முன்னால் வந்தார். கம்பெனி தொடங்கியதிலிருந்து கூட்டிப் பெருக்குகிறவர்.

“ஆயுத பூசைக்குக் கழட்டுவோங்க. நான்தான் கழுவுவேன்.”

“எதைக் கழுவுவீங்க?”

“மூடியத்தாங்க. அது வெறும் தகரந்தான? உள்ளாரதான் தண்ணி படக்கூடாதும்பாங்க. மூடிய எல்லாம் கொழாயடிக்கு எடுத்தாந்து தேச்சிக் கழுவி, வெயில்ல காய வெச்சி, சந்தனம் குங்குமம் வெச்சி மாட்டிருவோம். வருசா வருசம் நடக்குது.”

“எது எதுக்கு எந்த மூடின்னு பாத்து மாட்டுவீங்களா?”

அஞ்சலை சிரித்துவிட்டார். “எல்லாம் ஒரே அளவுதானம்மா? தட்டு கழுவி அடுக்குறப்ப இது யாரு தட்டுன்னா பாப்பாங்க? மூடிக்குக்கூட ஒரு வூடு இருக்குதுன்னு எனக்கு யாரு சொன்னாங்க?”

யாரும் சொல்லவில்லைதான். எங்கள் ஊரின் பழக்கம் அது. பீங்கான் தூசியை உலர்வாகத் தட்டினால் நெஞ்சுக்குள் போய் உட்காரும், அதனால் எதையும் ஈரத்தில்தான் துடைப்பார்கள், கழுவக்கூடியதைக் கழுவிவிடுவார்கள். வேறு எந்த ஊர்க் கம்பெனியிலும் கம்ப்யூட்டரின் மூடி வருடத்துக்கு ஒருமுறை குளித்து, சந்தனம் பூசிக்கொண்டு, புது உடம்புக்குக் குடிபோகும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஓ.எஸ். தன் சாவியைத் தனக்குள் வைத்திருப்பதால் அதற்கு எந்தச் சிக்கலும் வந்ததில்லை. ஒரு போர்டு செத்து, யாராவது ஸ்டிக்கரைப் பார்த்துச் சாவி அடிக்கும்வரை இது வெளியே தெரிய வழியே இல்லை.

“முதலாளி, பாருங்க” என்று நான் ஆரம்பித்தேன்.

“மூடி மாறினது சரி. அதுக்கும் இவ பாண்டிச்சேரி போனதுக்கும் என்னா?” என்றார் அவர் ஸ்டூலை விட்டு எழாமல். “இதோட ஒரிஜினல் சாவி எங்க? அதக் காட்டுங்க, பாக்குறேன்.”

மேடம் மூடிகளை எல்லாம் கழற்றி லேப் தரையில் பரப்பச் சொன்னார். ஒவ்வொரு மிசினின் ஐந்து எழுத்தையும் கலைச்செல்வி போய்ப் பார்த்து வந்து உரக்கச் சொன்னாள். நான் அந்த ஸ்டிக்கர் இருக்கும் மூடியைத் தேடி எடுத்து அந்த மிசினிடம் அனுப்பினேன். எங்கோ ஒரு மூலையில் கிடந்தது தன் இடத்துக்குப் போனது. அடுத்தது போனது. பேக்கிங் பெண்களும் வந்து சுற்றி நின்றார்கள். ஒவ்வொன்றும் பொருந்தும்போது ஒருத்தி “ஜோடி சேந்துச்சு” என்றாள். பொட்டு வைத்த தகரங்கள் ஒவ்வொன்றாகத் தம் வீடு போய்ச்சேர்வதைப் பார்க்க, ஊர்த் திருவிழாவில் சாமிகள் கோயிலுக்குத் திரும்புவதுபோல் இருந்தது எனக்கு.

தரையில் ஒரு மூடி மிஞ்சியது. எடைமேடையில் மாட்டியிருந்தது அது. ஓடுகிற எந்த எந்திரமும் அதைத் தன்னுடையது என்று சொல்லவில்லை. அப்படியானால் அது, நான் தவறான சாவியை அடித்ததால் தன் சாவியைச் சொல்ல முடியாமல் கிடக்கும் லேப் மிசினுடையது.

அந்த ஸ்டிக்கர் நிறையக் குளித்திருந்தது. பாதி எழுத்து வெளிறிப்போயிருந்தது. மேடம் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தார். அச்சு போன இடத்தில் அழுத்தத்தின் நிழல் மட்டும் நின்றது. கலைச்செல்வி குனிந்து படித்தாள். பீங்கானில் மயிரிழை விரிசலைத் தேடிப் பழகிய கண். ஓர் இடத்தில் நின்றாள்.

“இது எட்டா, பி-யான்னு தெரியலங்க.”

எட்டைப் போட்டேன். தவறான சாவி என்றது. பி-யைப் போட்டேன். ஏற்றுக்கொண்டது. ஆனால் ஆக்டிவேட் ஆகவில்லை. சாவி சரி, ஆனால் இது வேறு எந்திரம், போன் செய்யுங்கள் என்றது. பழைய போர்டோடு கட்டிய சாவி புதுப் போர்டை நம்ப மறுத்தது.

மேடம் தன் போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தார். “வணக்கங்க” என்றார், டேப்பிடம்தான். யாரும் சிரிக்கவில்லை. நான் எண்களைக் கொத்துக் கொத்தாகப் படித்தேன். கலைச்செல்வி விரலால் தொடர்ந்தாள். பதிவுக்குரல் எல்லாவற்றையும் பொறுமையாக வாங்கிக்கொண்டு, முடியாது என்றது. பிறகு ஓர் இசை. அது தேய்ந்து, ஒரு பெண்ணின் குரல் வந்தது. எந்த ஊரிலிருந்து என்று தெரியவில்லை. ஆங்கிலத்தில் பேசியது. பின்னால் வேறு பல குரல்களின் முணுமுணுப்பு.

மேடம் விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னார். அந்தப் பெண் கேட்டாள், இந்த ஓ.எஸ். எத்தனை கம்ப்யூட்டரில் போடப்பட்டிருக்கிறது?

மேடம் போனைக் கலைச்செல்வி பக்கம் நகர்த்தினார்.

“மிசினு உன்னுது. நீ சொல்லு.”

“இங்கிலீஷு...”

“வர்றதச் சொல்லு.”

கலைச்செல்வி போனை நோக்கிக் குனிந்தாள். “ஒன்லி ஒன் மேடம்.”

“ஏன் மறுபடி ஆக்டிவேட் செய்கிறீர்கள்?”

“போர்டு டெட் மேடம். நியூ போர்டு புட்டிங். ஐ ஒன்லி டேக்கிங் பாண்டிச்சேரி. பஸ்ல. ஐ ஸ்டாண்டிங் தேர். அதர் திங் நோ சேஞ்ச்.”

“அப்படியானால் இது அதே கம்ப்யூட்டர்தானா?”

“சேம் மேடம். சேம் கம்ப்யூட்டர்.”  தமிழுக்கு வந்துவிட்டாள். “அதேதாங்க. சத்தியமா அதேதான்.”

மறுமுனையில் விசைப்பலகை தட்டும் ஓசை கேட்டது. முதலாளி ஸ்டூலிலிருந்து எழுந்து அருகில் வந்திருந்தார்.

“ஓகே மேம்” என்றது குரல். “சொன்னதற்கு நன்றி. நான் சொல்லும் எண்களை அடியுங்கள்.”

இவ்வளவுதான். ரசீது கேட்கவில்லை. போட்டோ கேட்கவில்லை. முதலாளியைக் கூப்பிடச் சொல்லவில்லை. எண்கள் வரத் தொடங்கின. அந்தக் குரல் ஒவ்வொரு கொத்துக்கும் நின்று, காத்திருந்து, சரிதானா என்று கேட்டு, அடுத்ததுக்குப் போனது. கலைச்செல்வி அடித்தாள். கண்ணீர் விசைப்பலகையில் விழாதிருக்க முகத்தை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு அடித்தாள். கடைசி எண்ணுக்குப் பிறகு திரை ஒரு நொடி யோசித்தது. மூலையில் இருந்த வரி இல்லாமல் போனது.

எத்தனையோ போர்டு மாற்றியிருக்கிறேன், எத்தனையோ முறை அந்த எண்ணுக்குப் பேசியிருக்கிறேன். அந்தக் கேள்விகளை ஒரு சடங்காகவே கடந்து போயிருக்கிறேன். அன்றுதான் எனக்கு உறைத்தது. கண்டங்களைச் சுற்றி ஓடும் அந்தக் கம்பிகள், பூட்டுகள், சரிபார்க்கும் கணக்குகள், ஓர் ஊரளவு எந்திரங்கள் காவல் இருக்கும் அந்தக் கோட்டை, தன் கடைசி வாசலில் ஒரு மனுஷியை உட்காரவைத்திருக்கிறது. எல்லாக் கணக்கும் முடியாது என்ற பிறகு அவள் ஒரு கேள்வி கேட்கிறாள். முகம் தெரியாத ஒருத்தி பதில் சொல்கிறாள். அந்தப் பதிலின் பலத்தில் கதவு திறக்கிறது. இது இப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது என்பதை எண்ணியபடி நான் மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

“தேங்க்ஸ் மேடம்” என்று கலைச்செல்வி சொல்வதற்குள் இணைப்பு போய்விட்டது.

முதலாளி திரையைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

“அந்தப் பொண்ணு எப்பிடிங்க நம்புச்சு?” என்று பர்வீன் மேடத்திடம் கேட்டார். குரல் தணிந்திருந்தது. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். “இவள அதுக்குத் தெரியாது. இந்த ஊரே தெரியாது. எதிர்க்க நின்னு பாக்கவும் இல்ல.”

மேடம் டூத் பிரஷ்ஷைப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தார்.

“அவங்க கேட்டாங்க. இவ சொன்னா” என்றார். “நீங்க கேக்கவே இல்லீங்களே.”

“கேட்டனே. உள்ள இருந்தது எங்க போச்சுன்னு கேட்டன்.”

“அது கேள்வியாங்க?”

பேக்கிங் பெண்களில் யாரோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அஞ்சலை, “ஏய், சும்மா இருங்கடி” என்றார். கலைச்செல்வி திரும்பாமல் சோதனை முடிவுகளைத் திறந்துகொண்டிருந்தாள். அவள் முதுகு விறைப்பாக இருந்தது. வேலை போகவில்லை என்பது அவளுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் காலையில் பேக்கிங் பகுதி முழுக்கக் கேட்ட அந்த வார்த்தைகள் இன்னும் அங்கேயே நின்றன. திரையில் எழுத்து அழிந்ததுபோல் அவை தாமாக அழியப்போவதில்லை.

வெளியே வண்டி வந்து நிற்கும் சத்தம். வாட்ச்மேன் ஓடிவந்தார்.

“மொதலாளி, பெங்களூரு ஆளுங்க வந்துட்டாங்க.”

ராமலிங்கம் சட்டையைச் சரிசெய்தார். ஓர் அடி வாசல் பக்கம் வைத்தார். நின்றார். அப்புறம் திரும்பி வந்து, காலையிலிருந்து தான் உட்கார்ந்திருந்த ஸ்டூலை இழுத்து, கலைச்செல்வியின் மேசைக்குப் பக்கத்தில், அவள் முகம் தெரியும்படி போட்டு உட்கார்ந்தார்.

“ஆபீஸ்ல உக்கார வெச்சி டீ குடுக்கச் சொல்லு. வரேன்” என்றார் வாட்ச்மேனிடம். பேக்கிங் பெண்களைப் போகச் சொல்லவில்லை. அவர்கள் நின்ற இடத்திலேயே நின்றார்கள்.

“கலை, பாண்டிச்சேரிக்குப் போனியே. என்னா நடந்துதுன்னு சொல்லும்மா. மொதல்லேருந்து.”

அவள் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள்.  வாசலில் வாட்ச்மேன் தயங்கி நின்று, முதலாளி திரும்பிப் பார்க்காததைக் கண்டு, போய்விட்டார்.

“காலையில மொத பஸ்ஸுங்க” என்று தொடங்கினாள். “ஒக்கார எடமில்ல. பண்ருட்டி வரைக்கும் நின்னுகிட்டேதான் போனேன், பெட்டிய இடுப்புல வெச்சிகிட்டு...”

பர்வீன் மேடம் என் முழங்கையைத் தொட்டு, போகலாம் என்று கண்ணால் காட்டினார். நான் அசையவில்லை. அவரும் பையைத் தோளில் மாட்டியபடியே அங்கே நின்றார்.